காசு கொடுத்து வாங்கிய புழுவும் சாணிக் குப்பைப் புழுவும்

எங்கள் வீடு இலங்கை மலையகத்தில், கொட்டகலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஏழு பேர்ச் காணியில் இருக்கிறது. முன்னால் நாலு ரோஜாச் செடி, பின்னால் ஒரு கோழிக்கூடு, அதற்கும் பின்னால் சரிவு. சரிவு முடிந்தால் தேயிலை. டவுனில் சின்னதாக ஒரு போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். சின்ன வயதில் ஓயாவில் மீன் பிடிக்கத் தூண்டிலில் மண்புழுவைக் கோத்திருக்கிறேன். அதற்கு மேல் எனக்கும் மண்புழுவுக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. அந்த வருசம் முடிவதற்குள் தடையை எடுத்துவிட்டார்கள், ஆனால் உர மூட்டையின் விலை எங்கள் கைக்கு எட்டுகிற இடத்துக்கு இறங்கி வரவில்லை. அந்த நாட்களில் டவுனில் யாரைப் பார்த்தாலும் சேதனப் பசளை பற்றித்தான் பேச்சு. அம்மாவின் கறிமிளகாய்ச் செடிகள் இலை மஞ்சளாகி நின்றன. நானும் போனில் மண்புழு உரம் செய்கிற வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினேன். எல்லா வீடியோவும் ஒரே பாட்டைத்தான் பாடின: நிழல் கொடுங்கள், தண்ணீர் தெளியுங்கள், வெயில் படாமல் பாருங்கள். வெப்பநாட்டுக்கான முறை என்று சொன்னார்கள். இலங்கையும் வெப்பநாடுதானே, சரி என்று இறங்கிவிட்டேன்.

எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது என்பதை யோசிக்கவில்லை. இங்கே புழுவுக்கு எதிரி வெயில் அல்ல, மழையும் குளிரும்தான். இது எனக்கு உறைக்க இரண்டு தரம் புழு சாக வேண்டியிருந்தது.

முதல் தரம் நடந்ததைச் சொல்லவே வெட்கம். ஜூன் மாதத்தில் கொல்லையில் குழி வெட்டினேன். மூன்றடி நீளம், ஒன்றரையடி ஆழம். தோட்டத்து மண்ணைக் கிளறி அகப்பட்ட புழுக்களை எல்லாம் பொறுக்கிப் போட்டு, மேலே மரக்கறிக் கழிவைக் கொட்டி, சாக்கால் மூடினேன். தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கிற மாதம் அது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் குழி நிறையத் தண்ணீர். கோவா இலை மிதக்கிறது. புழுக்கள் வெளுத்து, நூல் மாதிரி நீண்டு கிடக்கின்றன. ஒரு வாரம் அந்தப் பக்கம் போக முடியவில்லை, அப்படி ஒரு நாற்றம்.

புழு தண்ணீருக்குள் விழுந்த உடனே செத்துவிடாது. அது தோலால் மூச்சு விடுகிறது. நல்ல காற்றுள்ள தண்ணீரில் கொஞ்ச நாள்கூடத் தாங்கும். கழிவு அழுகித் தண்ணீரில் இருந்த பிராணவாயுவைத் தீர்த்ததுதான் அவற்றைக் கொன்றது. இன்னொரு பிழையும் இருந்தது. மண்ணைத் தோண்டினால் வருகிற புழு வேறு இனம். அது ஆழத்தில் வளை தோண்டி, மண்ணைத் தின்று வாழும். குப்பையைத் தின்று உரமாக்குகிறது மேலோட்டமாக, அழுகல் இலைக்குள்ளும் சாணிக்குள்ளும் வாழ்கிற இனம். தோட்டத்துப் புழுவைப் பெட்டியில் அடைத்து வைத்தால் அது சாகும், இல்லாவிட்டால் போய்விடும். மழையே வராமல் இருந்திருந்தாலும் என் குழி தோற்றுத்தான் இருக்கும்.

இரண்டாவது தரம் காசு கொடுத்து வாங்கினேன். கண்டிப் பக்கத்தில் ஒருவரிடம் கால் கிலோ ஆப்பிரிக்கப் புழு, குப்பையை உரமாக்க வளர்க்கிற இனம். நல்ல தடிப்பு, சாண் நீளம், ஊதாவும் சாம்பலும் கலந்த நிறம். ஈரத் தும்புத்தூளில் போட்டு, பையைக் கட்டித் தந்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் என்ன என்று கேட்டார், சொன்னேன், அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மீன் கடையில் தூக்கிப் போடுகிற ரெஜிஃபோம் பெட்டியைக் கழுவி, அடியில் துளை போட்டு, வராந்தாவில் செங்கல் மேல் வைத்தேன். ஒக்டோபர், நவம்பர் வரை அருமையாகப் போனது. போட்டது எல்லாம் காணாமல் போகும். பெட்டியைத் திறந்தால் மழை பெய்த மண் வாசம். எனக்குத் தலைகால் புரியவில்லை, கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் புழுவைப் பற்றியே பேசினேன். ஜனவரியில் குளிர் வந்தது. கடையில் இருந்த ஒரு வெப்பமானியைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். காலை ஆறு மணிக்கு 11 பாகை. புழுக்கள் நடுவில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உருண்டையாகக் கிடந்தன. போட்ட சாப்பாடு அப்படியே பூஞ்சணம் பிடித்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சுருங்கி, வழவழப்பு போய், பெப்ரவரிக்குள் முக்கால்வாசி தீர்ந்துவிட்டது.

ஆப்பிரிக்கப் புழு 25 பாகைக்குக் கிட்டத்தட்ட உள்ள வெப்பத்தில்தான் துடிப்பாக இருக்கும். 15க்குக் கீழே போனால் ஒடுங்கிவிடும். விற்றவர் மீது பிழை இல்லை. அவருடைய ஊரில் அது நன்றாகத்தான் வாழ்கிறது. மிஞ்சியவற்றை அடுப்படிக்குள் கொண்டுவந்து, விறகடுப்புக்குப் பின்சுவரோரமாக வைத்தேன். கொஞ்சம் பிழைத்தன. அடுப்படியில் புழுப்பெட்டி வைக்கப்போகிறேன் என்றதும் மனைவி சொன்னவற்றை இங்கே எழுதுவது உசிதம் இல்லை.

திருப்பம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அங்கே ஒரு பெரியம்மா இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். என் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் புழுவுக்கா காசு குடுத்தீங்க தம்பி? எங்க சாணிக் குப்பையில வந்து பாருங்க" என்றார். மாட்டுப்பட்டிக்குப் பின்னால், மூன்று நாலு மாதம் பழகிய சாணிக் குவியல். மேல் காய்ந்த தோலை மண்வெட்டியால் விலக்கியதும் உள்ளே கொத்துக் கொத்தாகப் புழு. மெல்லியது, கடும் சிவப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் முன்பக்கம் நீலமும் ஊதாவுமாக மினுங்குகிறது, எண்ணெய் பட்ட தண்ணீர் மாதிரி. தொட்டதும் சாட்டை போலத் துள்ளுகிறது. படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், நம்முடைய ஆசியப் பக்கத்து இனம். இந்திய நீலப்புழு என்றும் சொல்கிறார்கள். இந்த மழையிலும் குளிரிலும் யாரும் கவனிக்காமலே, தகரம்கூட மேலே இல்லாமல், அந்தக் குவியலில் அது பெருகிக் கிடக்கிறது. நானோ வெப்பமானி வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் மலையகத்தில் தொடங்க நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு பழைய சாணிக் குவியலைக் கிளறிப் பாருங்கள். புதுச் சாணியில் இருக்காது, அது சூடு. மூன்று மாதமாவது ஆறிய குவியலின் அடிப்பக்க ஈரத்தில்தான் இருக்கும். புழுவை மட்டும் பொறுக்காமல் அது வாழ்கிற சாணியோடு அரை வாளி அள்ளிக்கொள்ளுங்கள். முட்டைக் கூடுகளும் அதோடு வந்துவிடும்.

இந்தப் புழுவுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. ஓடிப்போகும். கொண்டுவந்த நாலாம் நாள் இரவு இடியோடு மழை. விடியற்காலையில் அம்மா கூப்பிட்ட சத்தத்தில் எழும்பி ஓடினேன். வராந்தா முழுக்கப் புழு. சுவரில் ஓர் அடி உயரத்துக்கு ஏறி நிற்கிறது. தூண் அடியில் சுருண்டு கிடக்கிறது. அம்மாவின் செருப்புக்குள் ஏழெட்டு. தும்புத்தடியால் கூட்டினால் செத்துவிடுமே என்று ஒரு மணித்தியாலம் கையால் பொறுக்கினேன். ஈரம் எங்கும் பரவிய மழை இரவில் இடம் மாறுவது இவற்றின் இயல்பு. புது இடம் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு மருந்து வெளிச்சம். புழுவுக்குக் கண் இல்லை, ஆனால் தோல் வெளிச்சத்தை உணரும், வெளிச்சம் பட்டால் உள்ளே போகும். புதிதாகப் புழு விட்ட முதல் வாரம் முழுக்கப் பெட்டிக்கு மேலே ஐந்து வொட் எல்ஈடி பல்ப் ஒன்றை இரவில் எரியவிடுவேன். அதற்குப் பிறகு மழை வரும் போல் இருக்கிற இரவுகளில் மட்டும். கரண்ட் போகிற இரவுகளுக்கு வேறு வழி வேண்டும். பெட்டியின் மேல் நாலு விரற்கடை உயரத்துக்குக் காய்ந்த தாளைக் கிழித்துப் பரப்பிவிடுவேன். ஈரத்தை விட்டுக் காய்ந்த தாளைத் தாண்ட அவற்றுக்கு மனம் வராது. என் கடையில் தாளுக்குப் பஞ்சமில்லை. பிழைத்துப்போன பிரதிகள், ஏ4 கட்டு வருகிற அட்டைப்பெட்டி, முட்டை அட்டை எல்லாம் நல்லது. பளபளப்பான விளம்பரத் தாளும், மெஷினில் வருகிற பில் துண்டும் வேண்டாம். அவற்றின் மேல் இரசாயனப் பூச்சு இருக்கிறது.

இப்போது என்னிடம் இருப்பது மூன்று பெரிய பிளாஸ்டிக் பேசின். அடியில் துளை, துளைக்கு மேல் நைலோன் வலை, ஒரு மரத்தட்டில் வரிசையாக. தட்டின் கால்கள் நாலும் தண்ணீர் ஊற்றிய மீன் டின்களுக்குள் நிற்கின்றன, எறும்பு ஏறாது. மேலே தகரக் கூரை, சாரல் அடிக்கிற பக்கம் உரமூட்டைச் சாக்கு. மழைக்காலத்தில் இங்கே யாரும் தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கிற ஈரத்தைக் குறைப்பதுதான் வேலை. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் தாள் போடுங்கள். கோவா, பூசணி, தக்காளி எல்லாம் பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதை மறந்தால் ஒரு வாரத்தில் பேசின் சேறாகிவிடும்.

எனக்கு இருக்கிற பைத்தியத்தில் ஒரு சோதனையும் செய்தேன். மூன்று பேசினிலும் ஐம்பது ஐம்பது புழு எண்ணிப் போட்டேன். ஒன்றில் ஆறிய சாணி மட்டும். ஒன்றில் அடுப்படிக் கழிவும் தாளும். மூன்றாவதில் தேயிலைச் சக்கையும் தாளும். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஆறேழு தரம் தேத்தண்ணி, சக்கைக்குக் குறைவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எண்ணினேன். சாணிப் பேசினில் இருநூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். அடுப்படிக் கழிவில் 130 சொச்சம். தேயிலைச் சக்கையில் 61. அதுவும் மெலிந்த புழு. சக்கையில் புழு கூடுவதைப் பார்த்து அதுதான் விருப்ப உணவு என்று நினைத்திருந்தேன். ஒதுங்குவதற்கு அதன் ஈரமும் மென்மையும் பிடிக்கிறது, அதையே மட்டும் தின்று வளரப் போதவில்லை என்பது என் ஊகம். புளிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். இப்போது சாணியோடு கலந்து, மொத்தத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் போடுகிறேன். அப்படிப் போட்டால் மிக நல்ல சரக்கு.

புளிப்பு ஏறுவதைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு. வெள்ளை நூல் துண்டு மாதிரி அரை அங்குலத்தில் குட்டிப் புழுக்கள் குவியும். மண்புழுக் குஞ்சு என்று நினைத்து நான் சந்தோசப்பட்டது தனிக்கதை. அது வேறு இனம், கெடுதல் செய்யாது, ஆனால் பேசின் புளித்து ஈரம் கூடிவிட்டது என்று சொல்ல வந்திருக்கிறது. மண்புழுக் குஞ்சு பிறந்த இரண்டொரு நாளிலேயே இளஞ்சிவப்பாகத் தெரியும். புளிப்புக்கு முட்டைக்கோதைக் காயவைத்து, உரலில் இடித்துத் தூவுகிறேன். பல்லில்லாத புழுவுக்கு அந்த மணல் வயிற்றில் அரைக்கவும் உதவும். கையில் டொலமைட், அதாவது மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடுகிற கல்தூள், இருந்தால் ஒரு சிட்டிகை. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

போடக்கூடாதவை என்று நீளமான பட்டியல்கள் உண்டு. எங்கள் சாப்பாட்டுக்கு முக்கியம் மூன்றுதான். உப்பும் புளியும் சேர்ந்த மிச்சக் கறி, தேசிக்காய்த் தோல், தேங்காய்ப்பூ. பிழிந்த தேங்காய்ப்பூவில் எண்ணெய் மிஞ்சியிருக்கும், சூடாகும், எலியைக் கூப்பிடும். அப்புறம் லீக்ஸும் வெங்காயமும். போட்டால் செத்துவிடாது, தொடாமல் ஒதுங்கும், நாறும்.

சூடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒருமுறை டவுன் மரக்கறிக் கடையில் கழித்த கோவா இலை ஒரு மூட்டை சும்மா கிடைத்தது. சும்மா கிடைத்தால் விடுவோமா? ஒரே நாளில் ஒரு பேசினில் அமுக்கினேன். மறுநாள் கையை விட்டால் சோற்றுப் பானைக்குள் விட்ட மாதிரி இருக்கிறது. வெளியே 18 பாகைக் குளிரில், உள்ளே புழு வெந்துகொண்டிருந்தது. பச்சைக் குப்பை குவிந்தால் ஊர் குளிராக இருந்தாலும் அது தானாகச் சூடேறும். இப்போது எந்தப் பச்சைக் கழிவையும் பத்து நாள் தனி வாளியில் வாட்டிவிட்டு, இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போடுவதில்லை. அதுவும் பேசினின் ஒரு பக்கம் மட்டும். பிடிக்காவிட்டால் மறுபக்கம் ஒதுங்கப் புழுவுக்கு இடம் வேண்டும். சாணி வாங்கும்போது மாட்டுக்குப் பூச்சிமருந்து கொடுத்தீர்களா என்றும் கேட்டுக்கொள்கிறேன். கொடுத்திருந்தால் அந்த மாதத்துச் சாணி எனக்கு வேண்டாம்.

எலி, எறும்பு, பூரான் எல்லாம் வரும், சமாளிக்கலாம். என்னை உண்மையில் பயமுறுத்தியது வேறொன்று. போன வருசம் நவம்பரில் புழு குறைந்துகொண்டே வந்தது. தப்பிப் போன தடயமும் இல்லை. ஒருநாள் இரவு பத்து மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தேன். தாளுக்கு அடியில் பழுப்பு நிற ரிப்பன் மாதிரி ஒன்று. முதுகில் கறுப்புக் கோடு. தலை மட்டும் விசிறி போல அகன்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. ஒரு மண்புழுவைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது. புழு துள்ளத் துள்ள அது பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. பத்து நிமிசம் அசையாமல் பார்த்தேன், துள்ளல் நின்றுவிட்டது. தட்டைப்புழுவில் சுத்தியல் தலை இனம் இது, மண்புழுவையே தின்று வாழ்கிறது. கோபத்தில் வெட்டிவிடாதீர்கள். வெட்டிய துண்டுகள் ஒவ்வொன்றும் தனிப் புழுவாக வளரும். வெறுங்கையால் தொடவும் வேண்டாம், இந்த இனத்தில் சிலவற்றின் உடம்பில் நஞ்சு உண்டு. குச்சியால் எடுத்து, உப்புப் போட்ட டின்னுக்குள் போட்டு மூடினேன். இரண்டு வாரம் இரவிரவாகத் தேடி ஒன்பது பிடித்தேன். வெளியிலிருந்து கொண்டுவந்த பூச்சட்டியை பேசினுக்குப் பக்கத்தில் வைத்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். இப்போது பேசின் மண்ணைத் தொடுவதில்லை, புதுச் செடி எதுவும் அந்த மூலைக்கு வருவதில்லை.

உரம் எடுப்பது வெயில் நாட்டில் சுலபம். வெயிலில் கொட்டினால் புழு அடிக்குப் போகும், மேலே அள்ளலாம். இங்கே ஜூலையில் வெயிலுக்கு எங்கே போவது? பேசினின் வலப்பக்கம் மட்டும் மூன்று வாரம் சாப்பாடு போடுவேன். புழு அங்கே குடியேறியதும் இடப்பக்கத்தை அள்ளி, பல்பு வெளிச்சத்தில் சின்னக் குவியலாக வைத்து, மேல் மேலாகச் சுரண்டுவேன். முதல் தரம் மா அரிக்கும் சல்லடையில் சலித்தேன். அதற்குப் பிறகு எனக்கென்று தனிச் சல்லடை வாங்கப்பட்டது.

மூன்று பேசினில் மூன்று மாதத்துக்கு ஏழெட்டுக் கிலோ வருகிறது. ஒரு பங்கு உரம், நாலு பங்கு மண் என்று கலந்தால் நாற்றுக்கும் பூச்சட்டிக்கும் போதும். அம்மாவின் கறிமிளகாய் தெளிந்து காய்த்தது உண்மை. அதே சமயம், புழு உரம் போட்ட இடத்தில் எல்லாம் தக்காளியும் பூசணியும் தானாக முளைத்தன. இந்த முறையில் குவியல் சூடாவதில்லை, விதை சாகாது. அடியில் வடிகிற கறுப்புத் தண்ணீரை அமிர்தம் என்கிறார்கள். நான் அப்படியே ஊற்றி ஒரு பாத்தி கொத்தமல்லியைப் படுக்க வைத்தேன். பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, வேரடியில் மட்டும்தான் இப்போது ஊற்றுகிறேன். பச்சையாகச் சாப்பிடும் சலாது இலையில் படவிடமாட்டேன்.

புழு வளர்த்து மாதம் இலட்சம் என்கிற வீடியோக்களைக் கடைக்கு வருகிற பையன்கள் காட்டுகிறார்கள். என் ஏழெட்டுக் கிலோவை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு தேயிலைத் துண்டுக்குப் போடக்கூட இது காணாது. வீட்டுத்தோட்டத்துக்குத்தான்.

இப்போது புதிதாக ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. மனைவியின் தம்பி கந்தப்பளையில் இருக்கிறான். எங்களைவிட இன்னும் குளிர், ஜனவரி, பெப்ரவரியில் துகள்பனி விழுந்து உருளைக்கிழங்குச் செடி கருகுகிற பக்கம். அங்கே என் நீலப்புழு தாங்குமா என்று தெரிய வேண்டும். குளிரை நன்றாகத் தாங்குகிற வரிப்புழு, அதாவது ஐசினியா ஃபெடிடா, கொஞ்சம் ஒரு சிநேகிதர் தந்தார். உடம்பில் வளையம் வளையமாகச் சிவப்பும் மஞ்சளும் இருக்கும். இரண்டையும் தனித்தனி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு அனுப்பினேன். போன செவ்வாய் இரவு பதினொரு மணிக்குப் போன்.

"மச்சான், மழை கொட்டுது. ஒரு டப்பா புழு எல்லாம் செவுத்துல ஏறுது. என்ன செய்றது?"

"எந்த டப்பா?"

"நீலம்."

"லைட்டைப் போட்டுட்டுத் தூங்கு. காலையில செருப்பைத் தட்டிட்டுப் போடு" என்றேன்.